உள்ளே நுழைந்து காணும் கலை



கலை என்றதும் நம் மனத்தில் எவை தோன்றுகின்றன? சுவரில் மாட்டிய ஓவியம், கோபுரத்துச் சுதைச் சிற்பம், மேடையில் ஆடும் நாட்டியம் ஆகியவை தோன்றுகின்றன. இவற்றையெல்லாம் நாம் சற்றே எட்ட நின்று பார்த்துப் பழகியவர்கள். ஓவியம் சட்டத்திற்குள் இருக்கும். நாம் சட்டத்திற்கு வெளியே நிற்போம். ஆட்டம் மேடையில் நடக்கும். நாம் கீழே அமர்ந்திருப்போம். பார்ப்பவருக்கும் பார்க்கப்படுவதற்கும் நடுவே ஒரு கோடு எப்போதும் இருந்து வருகிறது.

அந்தக் கோட்டைத் தாண்டி நம்மை உள்ளே அழைக்கும் கலை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதனை இன்ஸ்டலேஷன் என்பர். தமிழில் நிறுவல் கலை எனலாம். கலைஞர் ஓர் அறையையோ பெரிய கூடத்தையோ எடுத்துக்கொள்கிறார். அங்கே பொருள்களை நிறுவுகிறார். ஒளி, ஒலி, மணம், வெப்பம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்கிறார். காண வருபவர் அதற்குள் நடக்க வேண்டும்; சுற்றி வர வேண்டும்; சில நேரம் குனிய வேண்டும்; சில நேரம் படுக்கவும் வேண்டும். பெரும்பாலும் இப்படைப்புகள் சில வாரங்களோ மாதங்களோ இருந்துவிட்டுக் கலைக்கப்படும்.

திருமணப் பந்தலை எண்ணிப் பாருங்கள். பந்தலின் புகைப்படத்தைப் பார்ப்பது வேறு. பந்தலுக்குள் நுழைவது வேறு. வாழைமரத்தைக் கடந்ததும் மல்லிகை மணம் வருகிறது. நாதசுரம் காதில் விழுகிறது. ஓமப்புகை கண்ணில் படுகிறது. காலடியில் பாய் உறுத்துகிறது. இவையெல்லாம் சேர்ந்துதானே பந்தல்? பந்தல் சடங்குக்கு உரியது. நிறுவல் கலை சடங்கன்று. ஆயினும் உடம்பு முழுவதாலும் ஓர் இடத்தை உணர்வது என்பது நமக்குப் புதியதன்று என்பதற்காகவே இதனைக் கூறினோம்.

இந்தக் கலை படித்தவர்களுக்கு மட்டும் உரியதா, நமக்கும் உரியதா என்பதே இன்றைய பேச்சின் கேள்வி. சில படைப்புகளின் வழியே இதற்கு விடை காண்போம். முதலில் நம் நாட்டிலிருந்தே தொடங்குவோம்.

1974ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கோலாலம்பூரில், டேவான் பஹாசா டான் புஸ்தகா கட்டடத்தில் ஒரு கண்காட்சி நடைபெற்றது. அதனை அமைத்தவர்கள் இருவர். ஒருவர் குவாந்தானில் பிறந்த ரெட்சா பியாடாசா. மற்றவர் சுலைமான் ஈசா. கண்காட்சிக்குப் போனவர்கள் ஓவியங்களை எதிர்பார்த்துப் போயிருப்பார்கள். அவர்கள் அங்கே கண்டவை என்ன? பாதி குடித்து வைத்த கொக்கோ கோலா போத்தல்கள். எரிந்து முடிந்த கொசுவர்த்திச் சுருள்கள். கிள்ளான் குப்பைமேட்டில் கிடந்த பழைய மழைச்சட்டை. பெட்டாலிங் ஜெயா முடிதிருத்தும் கடையிலிருந்து எடுத்து வந்த தலைமயிர். ஒரு பூந்தொட்டி. எதுவும் தீட்டப்படாத வெறும் ஓவியத் துணி. ஒரு காலிப் பறவைக்கூண்டு.

இதுவா கலை என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அன்றும் அப்படித்தான் கேட்டார்கள். கடுமையான விவாதமே எழுந்தது. ஆனால் அப்பொருள்களோடு இருந்த குறிப்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூண்டிலிருந்த பறவை 1974 ஜூன் 10ஆம் நாள் திங்கட்கிழமை பிற்பகல் 2.46 மணிக்கு விடுவிக்கப்பட்டது என்று ஒரு குறிப்பு கூறியது. கொசுவர்த்திச் சுருள்கள் எந்த நாள் இரவில் எரிந்தன என்பதை இன்னொன்று கூறியது. மழைச்சட்டை எந்த நாளில் எத்தனை மணிக்குக் கண்டெடுக்கப்பட்டது என்பதும், அது யாரோ ஒருவருக்குச் சொந்தமாய் இருந்திருக்க வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருந்தன. பூந்தொட்டிக்கு இருவரும் ஏழு மாதம் நீர் ஊற்றிப் பார்த்து வந்தார்கள். வெறும் துணியின் மேல் எத்தனையோ நிழல்கள் விழுந்து போயிருந்தன.

இப்போது அந்தக் கூண்டை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அது வெறுங்கூண்டாகவா தெரிகிறது? ஒரு நொடியில் திறந்த கதவும், பறந்து சென்ற சிறகும் அல்லவா தெரிகின்றன! அந்த மழைச்சட்டையைப் பாருங்கள். மழைக்காலத்தில் அதை மாட்டிக்கொண்டு யார் வேலைக்குப் போனார்? அவர் இப்போது எங்கே? பொருள் ஒவ்வொன்றும் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி என்பதே அவ்விரு கலைஞர்களின் கருத்து. கீழை நாட்டுத் தத்துவங்களிலிருந்து அவர்கள் இப்பார்வையைப் பெற்றார்கள். கருத்துக் கலை என்று இதனை வரலாற்றாசிரியர்கள் அழைப்பர். பொருளை வைத்தவர் கலைஞர். ஆனால் பறவையைப் பறக்க வைப்பவர் பார்க்க வந்தவரே. நிறுவல் கலையின் அடிப்படையும் இதுதான்.

மனம் செய்யும் வேலையைக் கண்டோம். உடம்பு செய்யும் வேலையைக் காண லண்டன் நகரில் உள்ள டேட் மாடர்ன் என்னும் கலைக்கூடத்திற்குச் செல்வோம். அக்கட்டடம் ஒரு காலத்தில் மின்சார நிலையமாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் அது கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. மின்னாக்கும் சுழலிகள் நின்ற பெருங்கூடம் சுமார் 150 மீட்டர் நீளமும் 35 மீட்டர் உயரமும் உடையது. அங்கே 2003 அக்டோபரில் ஓலாஃபுர் எலியாசன் என்னும் கலைஞர் ஒரு சூரியனை நிறுவினார்.

எப்படி? கூடத்தின் கடைசிச் சுவரில், மேற்கூரையை ஒட்டி, அரைவட்ட வடிவில் ஒரு திரையை அமைத்தார். அதன் பின்னால் ஏறத்தாழ 200 மஞ்சள் விளக்குகளை எரிய விட்டார். கூரை முழுவதும் கண்ணாடி போன்ற தகட்டைப் பரப்பினார். கீழே உள்ள அரைவட்டமும் கண்ணாடியில் தெரியும் அரைவட்டமும் சேர்ந்து முழுச் சூரியனாயின. கூடத்தில் மெல்லிய செயற்கை மூடுபனி தவழ்ந்தது. விடியற்காலைப் பிரட்டுக்குப் போகும் வேளையில் பால்மரக் காட்டின் மேல் நிற்கும் பனியை நம் மூத்தோர் அறிவார்கள். அத்தகைய பனியினூடே எழும் சூரியன் ஒரு கட்டடத்திற்குள் எழுந்தது போல் இருந்தது.

அந்த விளக்குகள் மஞ்சள் ஒன்றையே தருபவை. ஆகவே உள்ளே வந்தவரின் சட்டை சிவப்பா பச்சையா என்று தெரியாது. எல்லாரும் மஞ்சளும் கறுப்புமாகவே தெரிந்தார்கள். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? யாரும் சொல்லிக் கொடுக்காமலே தரையில் மல்லாந்து படுத்தார்கள். தலைக்கு மேலே கண்ணாடியில் எறும்பு போலத் தெரிந்த தங்கள் உருவத்தைத் தேடினார்கள். கையை அசைத்தார்கள். பலர் சேர்ந்து படுத்து எழுத்துகளையும் வடிவங்களையும் உண்டாக்கினார்கள். 2004 மார்ச் வரை நடந்த இக்காட்சிக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சூரியன் போலியென்று எல்லாருக்கும் தெரியும். கலைஞர் விளக்கையும் மறைக்கவில்லை, கம்பியையும் மறைக்கவில்லை. பின்னால் சென்றால் அனைத்தையும் காணலாம். அப்படியிருந்தும் மக்கள் படுத்துக் கிடந்தார்கள். அறிவு போலி என்கிறது. உடம்பு வெயில் என்கிறது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் அனுபவிப்பதற்கு எந்தப் பட்டமும் தேவைப்படவில்லை.

அதே கூடத்தில் 2010 அக்டோபரில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் இன்னொரு படைப்பை வைத்தார். தரை முழுவதும் சூரியகாந்தி விதைகள் கொட்டிக் கிடந்தன. பத்துக் கோடி விதைகள்! தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் நிறக் கூழாங்கல் பரப்புப் போலத் தெரியும். கையில் எடுத்துப் பார்த்தால்தான் அது உண்மையான விதையன்று, பீங்கான் என்பது தெரியும். சீனாவில் பீங்கானுக்குப் பேர் பெற்ற ஜிங்டெசென் நகரில் சுமார் 1,600 கைவினைஞர்கள் இரண்டாண்டுகளுக்கும் மேலாக உழைத்து இவற்றைச் செய்தார்கள். ஒவ்வொரு விதையும் சூளையில் சுட்டு, மூன்று நான்கு கோடுகளைத் தூரிகையால் இழுத்து, கையால் தீட்டப்பட்டது.

சீனாவில் மாவோ காலத்துச் சுவரொட்டிகளில் தலைவர் சூரியனாகவும் மக்கள் அவரை நோக்கித் திரும்பும் சூரியகாந்திகளாகவும் காட்டப்பட்டார்கள். வறுமைக் காலத்தில் ஏழைகள் ஒருவரோடு ஒருவர் பகிர்ந்து கொறித்ததும் இந்த விதையைத்தான். ஆகவே அந்நாட்டு மக்களுக்கு இதில் கசப்பும் உண்டு, இனிப்பும் உண்டு.

ஆனால் நம் தோட்டப்புறத்து மனிதர் ஒருவர் அந்தக் கூடத்தில் நின்றிருந்தால் எதைக் கண்டிருப்பார்? இத்தனை கோடியையும் செய்த கைகளைக் கண்டிருப்பார் என்றே நினைக்கிறோம். ஒரு மரத்தில் ஒரு கோடு. அடுத்த மரத்தில் அடுத்த கோடு. ஆயிரம் மங்குகளில் சொட்டுச் சொட்டாகப் பால். கடைசியில் கப்பலேறியது வெறும் ரப்பர் என்னும் ஒரே பெயரில். சொட்டுகளைச் சேர்த்தவரின் பெயர் அதில் இல்லை. பத்துக் கோடியில் ஒன்று என்றாலும் ஒவ்வொன்றையும் ஒருவர் தனியே தொட்டிருக்கிறார் என்பதை அந்த விதைப்பரப்பு சொல்கிறது. இதை நமக்கு யார் விளக்க வேண்டும்?

இக்கதையில் இன்னுமொரு செய்தியும் உண்டு. தொடக்கத்தில் மக்கள் அந்த விதைகளின் மேல் நடக்கலாம், அமரலாம், அள்ளி விளையாடலாம் என்று அனுமதித்தார்கள். திறந்த சில நாள்களிலேயே அது நிறுத்தப்பட்டது. மிதிபட்ட பீங்கானிலிருந்து எழும் தூசு நீண்ட நாள் சுவாசித்தால் உடல்நலத்துக்குத் தீங்காகலாம் என்று கண்டறிந்தார்கள். அதன்பின் கயிற்றுக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. உள்ளே நுழைந்து காணும் கலை, எட்ட நின்று காணும் கலையாக மாறிவிட்டது. தொட முடியாமற் போனதும் படைப்பின் பொருளே பாதி குறைந்துவிட்டது என்று பலர் வருந்தினார்கள். பார்வையாளரின் கால்களும் கைகளும் இக்கலையில் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி, பார்வையாளர் வீட்டிலிருந்து கொண்டு வரும் அறிவைப் பற்றிச் சொல்வோம். கர்நாடக மாநிலத்தைச் சேர்ந்த ஷீலா கௌடா என்னும் பெண் கலைஞர் 2009ஆம் ஆண்டில் ஒரு நிறுவலைப் படைத்தார். வெனிஸ் நகரின் அனைத்துலகக் கலைவிழாவில் அது இடம்பெற்றது. மனிதத் தலைமயிரால் திரித்த கயிறு, சுமார் 4,000 மீட்டர். அக்கயிற்றில் தொங்குவனவோ கார்களின் பளபளக்கும் எஃகு பம்பர்கள். கறுத்த கயிறு தரையில் குவிந்தும் சுவரில் தொங்கியும் கிடக்க, கனத்த எஃகை மெல்லிய மயிர் தாங்கி நிற்கிறது.

வெளிநாட்டுப் பார்வையாளர் இதைக் கண்டு வியப்பார். ஏன் மயிர், ஏன் பம்பர் என்று விளங்காமல் குறிப்பேட்டைத் தேடுவார். தென்னிந்தியாவில் கோயிலில் காணிக்கையாக இறக்கிய முடியைக் கயிறாகத் திரித்து, கண்ணேறு படாமலிருக்க வண்டியின் பம்பரில் கட்டும் வழக்கம் உண்டு. தைப்பூசத்தன்று பத்துமலையில் பிள்ளைக்கு மொட்டையடித்து, அந்தச் சின்னத் தலையில் சந்தனம் பூசிய தாய்க்கு இது புரியச் சிரமம் இருக்குமா? ஒரு முடிக்கற்றையின் பின்னே நோய் தீர்ந்த பிள்ளையும், நிறைவேறிய வேண்டுதலும் இருக்கலாம் என்பதை அவள் அறிவாள். அந்தக் கயிற்றின் முன்னால் அவளே கற்றறிந்தவள்.

அப்படியானால் நம்மவர்கள் ஏன் கலைக்கூடங்களுக்கு அதிகம் போவதில்லை? பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்களாகிய நாங்கள் இதனைக் கண்டிருக்கிறோம். உடன் வரும் பெற்றோர் சிலர் வாசல் வரைக்கும் வருவார்கள். “நமக்கு உள்ள என்னங்க சார் தெரியப் போவுது? நீங்க பிள்ளைங்கள கூட்டிட்டுப் போங்க. நாங்க இப்படி நிழலா உட்கார்ந்திருக்கோம்” என்பார்கள். காவலர் தடுக்கவில்லை, கதவும் திறந்தே இருக்கிறது. ஆயினும் அந்த வாசற்படியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளவு இருக்கிறது.

அந்தப் பிளவையே கண்ணுக்குத் தெரியும்படி செய்தவர் ஒருவர் உண்டு. கொலம்பியா நாட்டுப் பெண் கலைஞர் டோரிஸ் சால்செடோ. முன்னர்க் குறிப்பிட்ட அதே லண்டன் கூடத்தின் சிமெண்டுத் தரையில், 2007 அக்டோபரில், அவர் ஒரு வெடிப்பை உண்டாக்கினார். வாசலருகே மயிரிழை போலத் தொடங்கி, வளைந்து நெளிந்து, அகன்று ஆழமாகி, 167 மீட்டர் தூரம் ஓடியது அது. கூடத்தில் வேறொன்றும் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் தலைகுனிந்து தரையைப் பார்த்தபடி நடந்தார்கள். சிலர் தாண்டிக் குதித்தார்கள். சிலர் இரு காலையும் இரு பக்கமும் வைத்து நின்றார்கள். பிள்ளைகள் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள்.

அப்படைப்பின் பெயர் ஷிபொலெத். இது கிறிஸ்தவ வேதாகமத்தில் வரும் சொல். போரில் தோற்று ஓடிய எப்பிராயீம் மக்களை யோர்தான் ஆற்றுத் துறையில் நிறுத்தி, இந்தச் சொல்லைச் சொல்லச் சொன்னார்களாம். முதலெழுத்தைச் சரியாக உச்சரிக்க வராதவர்கள் அங்கேயே வெட்டப்பட்டார்கள். ஓர் எழுத்தைச் சொல்லும் விதத்தால் இவன் நம்மவன், இவன் அயலான் என்று பிரித்த கதை அது. பிழைப்புத் தேடி வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் படும் பாட்டையும், இனத்தின் பேரால் மனிதர் ஒதுக்கப்படுவதையும் சால்செடோ இவ்வெடிப்பில் வைத்தார். கடல் கடந்து சஞ்சிக்கூலிகளாக வந்தவர்களின் பேரப் பிள்ளைகளாகிய நாம் இதைக் கேட்டதும் ஒரு கணம் மௌனமாகிறோம்.

2008 ஏப்ரலில் காட்சி முடிந்தது. வெடிப்பைச் சிமெண்டால் நிரப்பினார்கள். ஆனால் தழும்பு மறையவில்லை. பின்னாளில் வந்தவர்கள் அந்தத் தழும்பின் மேல் நடந்து சென்றார்கள்.

நேயர்களே, இத்தகைய படைப்பைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டினால் எவ்வாறு காண்பது? சில எளிய வழிகளைச் சொல்கிறோம்.

முதலாவது, அவசரப்படாமல் நுழையுங்கள். சுவரில் உள்ள விளக்கக் குறிப்பை முதலிலேயே படிக்க வேண்டியதில்லை. ஒருமுறை சுற்றி வாருங்கள். எட்ட நின்று பாருங்கள். கிட்டப் போய்ப் பாருங்கள். என்ன ஒலி கேட்கிறது, என்ன வாசனை வருகிறது, இடம் குளிராக இருக்கிறதா, நெருக்கமாக இருக்கிறதா என்று கவனியுங்கள்.

இரண்டாவது, உங்கள் உடம்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். நடை மெதுவானதா? குரல் தாழ்ந்ததா? வெளியே போய்விட வேண்டும் போல இருக்கிறதா? அதுவும் அனுபவமே.

மூன்றாவது, பொருள்களைக் கேள்வி கேளுங்கள். இது எதனால் செய்யப்பட்டது? எங்கிருந்து வந்தது? யார் கையால் ஆனது? இதற்கு முன் யாருக்குச் சொந்தமாக இருந்தது? கைத்தொழில் அறிந்தவர்கள் இக்கேள்விகளில் மற்றவர்களை விட முன்னே நிற்பார்கள்.

நான்காவது, இதற்குப் பிறகு விளக்கக் குறிப்பைப் படியுங்கள். படித்துவிட்டு மீண்டும் ஒருமுறை சுற்றி வாருங்கள். கூண்டிலிருந்து பறவை பறப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது சுற்றில்தான். தொடலாமா, மிதிக்கலாமா என்பதில் ஐயம் இருந்தால் அங்குள்ள ஊழியரைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஐந்தாவது, பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். நிறுவல் என்று பெயர் வைத்ததனாலேயே எல்லாம் நல்ல கலையாகிவிடாது. வெறும் ஆரவாரமும் உண்டு. வெற்று வித்தையும் உண்டு. ஆனால் “எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால்...” என்று காரணத்தோடு சொல்லுங்கள். “எனக்கு ஒன்றும் தெரியாது” என்று மட்டும் சொல்லாதீர்கள். முன்னது ஒரு ரசிகனின் சொல். பின்னது வாசலிலேயே திரும்பிவிடுபவரின் சொல்.

பெற்றோருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் எறிந்த போத்தல் மூடிகளையும் செம்பனைக் கொட்டைகளையும் பொறுக்கி வந்து வீட்டுத் திண்ணையில் ஏதோ ஓர் ஒழுங்கில் அடுக்கினால், குப்பை என்று உடனே கூட்டித் தள்ளாதீர்கள். இது என்ன என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தப் பிள்ளை சொல்லும் கதையைக் கேட்ட பிறகு கூட்டலாம்.

கோலாலம்பூரில் பாலாய் செனி நெகாரா எனப்படும் தேசியக் கலைக்கூடம் 1958ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. நம் நாட்டுக் கலைஞர்களின் படைப்புகளைச் சேர்த்து வைத்து மக்களுக்குக் காட்டுவதற்காகவே ஏற்பட்ட இடம் அது. அடுத்த பள்ளி விடுமுறையில் பத்துமலைக்கோ உறவினர் வீட்டுக்கோ தலைநகர் செல்பவர்கள் ஒரு மணி நேரத்தை அங்கேயும் செலவிடலாம். பிள்ளைகளை அனுப்பிவிட்டு நிழலில் காத்திருக்க வேண்டாம். நீங்களும் உள்ளே செல்லுங்கள். திரும்பும் வழியில் பேருந்தில் அமர்ந்து, நீ என்ன பார்த்தாய், நான் என்ன பார்த்தேன் என்று பேசிக்கொண்டு வாருங்கள். தாய் கண்டதும் மகன் கண்டதும் வேறு வேறாக இருக்கும். இரண்டும் அந்தப் படைப்பில் இருந்தவையே.